யாரும் எழுப்பாத கண்டெய்னர்

பேய் என்ற சொல்லைச் சுனிதா இன்றைக்கும் வாயில் எடுப்பதில்லை. "நடந்தது" என்று மட்டும்தான் சொல்வாள். நம்புகிறவர்கள் நம்பட்டும். நம்பாதவர்களுக்கு இடது கையை நீட்டிக் காட்டுவாள். முழங்கைக்குக் கீழே தொடங்கி மணிக்கட்டு வரை கோணலாக இறங்குகிற தழும்பு. மோதிர விரலும் சுண்டுவிரலும் இன்னும் முழுதாக மடங்காது. கீபோர்டில் அந்தப் பக்கத்து எழுத்துகளை நடுவிரலால் எட்டித் தட்டுகிறாள். "கதை விட்டா கை இப்பிடி ஆவுமா?" என்பாள். அதற்கு மேல் வாதாடமாட்டாள்.

நடந்தது தக்கலையில். அதுவும் பட்டப்பகலில்.

துபாயிலிருந்து திரும்பி வந்த எபிசன் என்பவர் அங்கே ஒரு சின்ன மென்பொருள் கம்பெனி நடத்தினார். ஆறேழு பேர் வேலை பார்த்தார்கள். குமாரகோவில் போகிற பாதையில், தென்னந்தோப்புக்கு நடுவே ஒரு பழைய வீடுதான் ஆபீஸ். முன்னால் பெரிய ஹால், பக்கத்தில் அடுக்களை, கடைசியில் ஒரு பின்னறை. அந்தப் பின்னறைக்கு ஒரு காலத்தில் ஜன்னல் இருந்திருக்கிறது. யாரோ அதைச் செங்கல் வைத்து அடைத்துப் பூசியிருந்தார்கள். பூசியவர்கள் அவசரத்தில் பூசியிருக்க வேண்டும். பூசிய கையின் தடம் சிமெண்டில் அப்படியே காய்ந்து கிடந்தது.

"நல்லதாப் போச்சு. தூசி வராது" என்று சொல்லி, எபிசன் சர்வர் மெஷினைக் கொண்டுபோய் அங்கே வைத்தார். மேலே சிமெண்டுப் பரணில் வீட்டுக்காரரின் பழைய சாமான்கள் கிடந்தன. யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. போக வேண்டிய தேவையும் இல்லை. அவரவர் மேஜையில் இருந்தே அந்த மெஷினுக்குள் நுழைந்து வேலை செய்யலாம்.

அந்த வருடம் கார்த்திகையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்காக அவர்கள் நோயாளிகள் முன்பதிவு செய்யும் மென்பொருள் ஒன்றை முடித்திருந்தார்கள். இது நடந்ததற்கு மறுநாள் காலை அது ஓடத் தொடங்க வேண்டும். பொறுப்பு சுனிதாவுடையது. திருவட்டாறுக்காரி. பிடித்த வேலையைப் பாதியில் விடமாட்டாள்.

ஆனால் டெஸ்டுகள் விழுந்துகொண்டிருந்தன.

டெஸ்ட் என்றால் வேறொன்றுமில்லை. மென்பொருளை வெளியே விடுவதற்கு முன் மெஷினே அதைத் தானாகச் சோதித்துப் பார்க்கும். ஒவ்வொரு சோதனையும் தனக்கென்று ஒரு டேட்டாபேஸ் சர்வரை ஒரு கண்டெய்னருக்குள் எழுப்பிக்கொள்ளும். கண்டெய்னர் என்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு மூடிய பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போலி நோயாளிகள், போலி டாக்டர்கள். சோதனை முடிந்ததும் பெட்டியோடு எல்லாம் அழிந்துவிடும். அடுத்த சோதனைக்குப் புதுப் பெட்டி. எல்லாச் சோதனையும் பச்சை காட்டினால்தான் மென்பொருள் வெளியே போகும். ஒன்று சிவந்தாலும் கதவு திறக்காது.

சுனிதாவின் லேப்டாப்பில் எல்லாம் பச்சை. பின்னறை மெஷினில் எல்லாம் சிவப்பு. திங்கட்கிழமையிலிருந்து இதே கூத்து.

அன்றைக்குக் கோட்டாறு சவேரியார் திருவிழா. மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. எபிசன் குடும்பத்தோடு தேர் பார்க்கப் போய்விட்டார். விடியற்காலையிலிருந்து அடைமழை. ஆபீஸுக்கு வந்தது இரண்டே பேர். சுனிதாவும், அவள் கூட வேலை பார்க்கிற ஸ்மைலினும்.

ஸ்மைலினைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடியபட்டணத்துக்காரன். அப்பாவுக்கு மீன்பிடிக்கிற வள்ளம் உண்டு. ஆனால் இவனுக்கு மீன் துடிப்பதைப் பார்த்தாலே முகம் வாடிவிடும். ஆபீஸில் பல்லி விழுந்தால்கூட அட்டையில் ஏந்தி வெளியே விட்டுவிட்டு வருவான். அவன் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. தை மாதம் கல்யாணம். பெண்ணின் படத்தைப் போனில் வைத்துக்கொண்டு, யாராவது பார்த்தால் வெட்கப்படுவான்.

அப்படிப்பட்டவன்.

காலை முழுக்க இருவரும் அந்த மெஷினோடு மல்லுக்கட்டினார்கள். டேட்டாபேஸ் முழுதாக எழும்புவதற்குள் சோதனை ஓடிப்போய்க் கதவைத் தட்டுகிறதோ என்று முதலில் சந்தேகப்பட்டாள் சுனிதா. எழும்பும்வரை காத்திருக்கும்படி மாற்றினாள். விழுந்தது. பெட்டிகளுக்கு நினைவகம் போதவில்லையோ என்று ஸ்மைலின் கூட்டிக் கொடுத்தான். விழுந்தது. டேட்டாபேஸின் பழைய பதிப்பை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டார்கள். அதுவும் விழுந்தது.

ஒவ்வொரு முறையும் ஒரே எண்தான் வந்தது. 137.

"தானா விழுந்தா இந்த நம்பர் வராது" என்றாள் சுனிதா.

"பின்ன?"

"வெளியே இருந்து யாராவது அடிச்சுக் கொன்னாத்தான் வரும்."

மெஷினில் நினைவகம் தீர்ந்துபோனால் மெஷினே அப்படிக் கொல்வதுண்டு. சுனிதா பார்த்தாள். பாதிக்கு மேல் காலியாகக் கிடந்தது. மெஷின் எதையும் கொல்லவில்லை. ஆனாலும் பெட்டிகள் செத்துக்கொண்டிருந்தன.

மதியம் கட்டிக்கொண்டு வந்த சோற்றைத் தின்றார்கள். மழை வலுத்தது. ஹாலில் லைட்டைப் போட்டும் இருட்டாகவே இருந்தது.

"ஒண்ணொண்ணா ஓட்டிப் பாப்போம். எல்லாத்தையும் சேத்து ஓட்டுனா எது எப்பம் சாவுதுன்னே தெரியல" என்றாள் சுனிதா.

ஒரே ஒரு சோதனையை மட்டும் ஓட்டினாள். பெட்டி எழும்பியது. டேட்டாபேஸ் எழும்பியது. தயார் என்று எழுத்து வந்தது.

டம்!

பின்னறையிலிருந்து ஒரு சத்தம். திரையில் 137.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தேங்கா விழுந்திருக்கும்" என்றான் ஸ்மைலின்.

அடுத்த சோதனையை ஓட்டினாள். பெட்டி எழும்பியது. தயார்.

டம்!

137.

"தேங்கா வீட்டுக்குள்ளயா விழும்?" என்றாள் சுனிதா.

மூன்றாவது தடவை அவள் திரையைப் பார்க்கவில்லை. பின்னறைக் கதவையே பார்த்துக்கொண்டு பட்டனை மட்டும் தட்டினாள். ஒன்று... இரண்டு... மூன்று என்று மனதுக்குள் எண்ணுவதற்குள் சத்தம் வந்தது. மரத்தில் அடித்த சத்தம் இல்லை. சுவரில் அடித்ததும் இல்லை. இறைச்சிக் கடையில், கட்டை மேல் வைத்துப் போடுவார்களே... அந்தச் சத்தம்.

சுனிதா கையை எடுத்துக்கொண்டாள்.

"ஒண்ணும் ஓட்டாத. இப்பம் உள்ள என்னெல்லாம் ஓடுதுன்னு பாரு" என்றான் ஸ்மைலின்.

எந்தச் சோதனையும் ஓடாதபோது எந்தப் பெட்டியும் இருக்கக் கூடாது. திரை காலியாக இருக்க வேண்டும்.

இல்லை. ஒரு பெட்டி ஓடிக்கொண்டிருந்தது.

அதற்குப் பெயர் இல்லை. பெயர் கொடுக்காவிட்டால் மெஷினே ஏதாவது பெயர் வைத்துவிடும். இதற்கு அதுவும் இல்லை. சுனிதா எழுப்பவில்லை. ஸ்மைலின் எழுப்பவில்லை. எபிசனுக்குப் போன் போட்டுக் கேட்டாள். பின்னால் செண்டை மேளம் காதைப் பிளந்தது. "நான் எதுக்கு எழுப்புதேன்? நிறுத்திப் போடுங்க!" என்று கத்தினார் எபிசன்.

அந்தப் பெட்டி எவ்வளவு நினைவகம் எடுக்கிறது என்று பார்த்தாள் சுனிதா. எண் ஏறியது. இறங்கியது. ஏறியது. இறங்கியது. ஒரே சீராக.

"என்னது இது, மூச்சு விடுகமாரி" என்றான் ஸ்மைலின். சொன்ன பிறகு, ஏன் சொன்னோம் என்பதுபோல் வாயை மூடிக்கொண்டான்.

சுனிதா நிறுத்தச் சொல்லிக் கட்டளை கொடுத்தாள். நிற்கவில்லை. கட்டாயமாகக் கொல்லச் சொன்னாள். மெஷின் "ஆயிற்று" என்றது. ஆனால் பெட்டி ஓடிக்கொண்டேதான் இருந்தது. மறுபடி கொடுத்தாள். மறுபடி. மற்றப் பெட்டிகளெல்லாம் தொடாமலே செத்தன. இதை மட்டும் கொல்ல முடியவில்லை. எண் மட்டும் இப்போது வேகமாக ஏறி இறங்கியது. ஓடி ஒளிந்துகொண்டவர்கள் மூச்சு வாங்குவது மாதிரி.

"இந்தச் சவம் நிக்க மாட்டேங்கு" என்று எழுந்தான் ஸ்மைலின். "நான் போய் பிளக்கப் பிடுங்கிட்டு வாறேன்."

"வேண்டாம் ஸ்மைலின். எபிசன் சார் வரட்டும்."

"வெறும் மெஷின்தான மக்கா. நீ இங்கனயே இரு."

போனான். பின்னறைக் கதவைத் திறந்தான். திறந்த வாக்கில் ஒரு நொடி நின்றான்.

"என்ன நாத்தம் இது..."

உள்ளே போனான். கதவு அவன் பின்னால் மெதுவாகச் சாத்திக்கொண்டது. காற்றாக இருக்கும் என்று சுனிதா நினைத்தாள். அப்புறம்தான் உறைத்தது. ஜன்னலே இல்லாத அறையில் காற்று ஏது?

பிளக்கைப் பிடுங்குகிற சத்தம் கேட்டது. சர்வரின் மின்விசிறி இரைச்சல் அடங்கியது.

அவ்வளவுதான், முடிந்தது என்று திரையைப் பார்த்தாள்.

பெட்டி ஓடிக்கொண்டிருந்தது.

மெஷின் அணைந்துவிட்டது. ஆனால் அதற்குள் இருந்த பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. எண் ஏறியது. இறங்கியது. ஏறியது. இறங்கியது.

"ஸ்மைலின்?"

கதவு சாத்தியே கிடந்தது.

டம்.

"ஸ்மைலின்! விளையாடாத!"

டம். டம்.

எழுந்து போனாள். உள்ளே அவன் விழுந்து கிடந்தால்? ஷாக் அடித்திருந்தால்? கதவைத் தள்ளினாள்.

ஸ்மைலின் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அடைத்த ஜன்னலின் முன்னால் நின்றான். கைகள் இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன. தலையைப் பின்னால் கொண்டுபோய், முழு வேகத்தில் நெற்றியைச் சிமெண்டில் மோதினான்.

டம்.

சிமெண்டில் பதிந்திருந்த அந்தக் கைத்தடத்தில் ரத்தம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது.

சுனிதா ஓடிப்போய் அவன் தோளைப் பிடித்து இழுத்தாள்.

அவன் திரும்பினான்.

முகம் ஸ்மைலின் முகம்தான். ஆனால் அது அவளைப் பார்த்த பார்வை... வருஷக்கணக்காக ஒரே வீட்டில் கிடந்து வெறுத்தவன் பார்க்கிற பார்வை.

"எங்கட்டி போயிருந்த?"

குரல் அவனுடையது இல்லை. கட்டையான, புகையிலை போட்டுத் தடித்த குரல்.

"ஸ்மைலின், நாந்தான்... சுனிதா..."

அறைந்தான். அப்படி ஓர் அறையை அவள் வாழ்நாளில் வாங்கியதில்லை. காதுக்குள் விசில் அடித்தது. மேஜையில் மோதி விழுந்தாள். உதடு கிழிந்து வாயெல்லாம் உப்புக் கரித்தது. எழுவதற்குள் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கினான். கால் தரையில் படவில்லை.

"சொல்லுட்டி. யாருக்கதுட்டி அது?"

"எது? எனக்கு ஒண்ணும் தெரியாது... விடு ஸ்மைலின்..."

"யாருக்கது?"

யாருடையது, யாருடையது என்று கேட்டுக்கொண்டே அவள் முகத்தைச் சுவரில் தேய்த்தான். சிமெண்டுச் சொரசொரப்பில் கன்னத்துத் தோல் உரிந்தது. கைக்குக் கிடைத்த வயரை இழுத்து அவன் கண்ணைப் பார்த்து வீசினாள். பிடி ஒரு கணம் தளர்ந்தது. ஒரு கொத்து முடி அவன் கையிலேயே போக, அவள் ஹாலுக்கு ஓடினாள்.

பின்னால் பரணில் சாமான் உருளும் சத்தம் கேட்டது.

முன்கதவுக்கு உள்தாழ்ப்பாள். மழைக்கு மரம் ஊறி இறுகிக் கிடந்தது. இரண்டு கையாலும் இழுத்தாள். வரவில்லை. திரும்பிப் பார்த்தாள்.

அவன் வந்துகொண்டிருந்தான். ஓடவில்லை. நடந்து வந்தான். கையில் வெட்டுகத்தி. வீட்டுக்காரரின் பழைய வெட்டுகத்தி, துருவேறியது. நெற்றியிலிருந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியும் இமைக்கவில்லை.

வீசினான். அவள் குனிந்தாள். கத்தி கதவில் பாய்ந்து சில்லுத் தெறித்தது.

அடுத்த வீச்சுக்குக் கையைக் குறுக்கே கொடுத்தாள்.

வலிக்கவில்லை. முதலில் வலிக்கவே இல்லை. சூடாக ஏதோ முழங்கையிலிருந்து வடிகிறதே என்று குனிந்து பார்த்தாள். கைக்குள் வெள்ளையாக ஒன்று தெரிந்தது. அது தன் எலும்பு என்று புரிய ஒரு கணம் ஆனது.

அப்போதுதான் அலறினாள். மழையில் யாருக்குக் கேட்கும்?

அவன் அவள் காலைப் பிடித்தான். இழுத்தான். ஹாலில் இருந்து பின்னறை வரை மல்லாக்க இழுத்துக்கொண்டு போனான். அவள் பிடித்த நாற்காலிகள் எல்லாம் கூடவே சாய்ந்து வந்தன. தரையில் அவள் கை போன வழியெல்லாம் சிவப்பாக ஒரு கோடு.

"அப்பிடியெல்லாம் ஓட விடுவனா..."

பின்னறைக்குள் எறிந்தான். சர்வர் மேஜைக்கு அடியில் போய் உருண்டாள். மூலை. அதற்கு அப்பால் போக இடமில்லை.

கத்தியை ஓங்கினான்.

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கழுத்தைப் பார்க்கவில்லை.

வயிற்றைப் பார்த்தான்.

சுனிதா கண்ணை மூடிக்கொண்டாள். ஆதிகேசவா... ஆதிகேசவா...

வெட்டு விழவில்லை.

கண்ணைத் திறந்தாள்.

ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது.

பிறகு... கீழே இறங்கியது. அவன் இறக்கவில்லை. ஏதோ இழுத்தது. மணிக்கட்டைப் பிடித்துத் தொங்குவது மாதிரி... இடுப்பு உயரத்துக்கு...

அவன் குனிந்து பார்த்தான்.

அங்கே ஒன்றும் இல்லை.

ஆனால் அவன் எதையோ பார்த்தான். முகம் கோணிக்கொண்டது. அவ்வளவு நேரம் ஒரு துளி பயம் இல்லாத அந்த முகத்தில்... பயம்.

"நீ..."

வீறிட்டான். கையை உதறினான். நாயை உதறுவது மாதிரி உதறினான். விடவில்லை. மணிக்கட்டிலிருந்து ரத்தம் பீறிட்டது.

கத்தி விழுந்தது.

அவன் மல்லாக்கச் சாய்ந்தான். தலை வாசற்படியில் மோதியது.

அமைதி.

மழை மட்டும்.

அவள் அவனைத் தாண்டி ஊர்ந்தாள்...

முன்கதவு இந்தத் தடவை உடனே திறந்தது.

ரோட்டில் ஏறி நின்றது நினைவிருக்கிறது. திருவிழாவுக்குச் சவாரி போன ஆட்டோ ஒன்று திரும்பி வந்துகொண்டிருந்தது. டிரைவர் துண்டைக் கிழித்துக் கையைக் கட்டியது நினைவிருக்கிறது. "உள்ள ஸ்மைலின் கெடக்கான், அவனையும் எடுங்க" என்று அவள் சொன்னதாக டிரைவர் பிறகு சொன்னார். அது அவளுக்கு நினைவில்லை.

இருவரையும் ஒரே ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனார்கள். கைக்கு ஆபரேஷன். அறுந்த நரம்பைச் சேர்த்துத் தைத்தார்கள். மறுநாள் போலீஸ் வந்தது. ஸ்மைலின் வெட்டினானா என்று கேட்டார்கள். பரணிலிருந்து கத்தி விழுந்தது, பதறி ஓடும்போது இருவரும் விழுந்தோம் என்றாள் சுனிதா. இன்ஸ்பெக்டர் திரும்பத் திரும்பக் கேட்டார். அவள் திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். வேறென்ன சொல்வது? தன்னை வெட்டியது ஸ்மைலின் இல்லை என்று அவளுக்குத் தெரியும். அதை எந்தப் போலீஸ் எழுதிக்கொள்ளும்?

அன்று சாயங்காலம் ஒரு டாக்டரம்மா தனியாக வந்தாள். ஸ்மைலினுக்குக் கட்டுப் போட்டவள்.

"அவரு கையக் கடிச்சது நீங்களா?"

"நான் கடிக்கல."

"ஆமா, நீங்க இல்ல. உங்க வாய் அளவுக்குச் சேராது." டாக்டரம்மா தன் மணிக்கட்டிலேயே விரலால் சின்னதாக ஒரு வட்டம் போட்டுக் காட்டினாள். "இம்புட்டுத்தான் இருக்கு. மேல முன்பல்லு ரெண்டும் பதியவே இல்ல. பால்பல் விழுந்து இன்னும் முளைக்காத வாய். எலும்பு வரைக்கும் இறங்கியிருக்கு. அந்த வீட்டுல சின்னப் பிள்ளைங்க யாரும் இருந்தாங்களா?"

"இல்ல."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"நாங்க ரெண்டு பேருதான்."

டாக்டரம்மா தன் நோட்டில் ஏதோ எழுதினாள். எழுதியதை அடித்தாள். போய்விட்டாள். சுனிதா இதை யாரிடமும் சொல்லவில்லை. எபிசனிடம்கூடச் சொல்லவில்லை.

ஸ்மைலின் ஒருமுறை அவள் படுக்கைக்கு வந்தான். தலையில் கட்டு, கையில் கட்டு. கால்மாட்டில் நின்றான். அவனுக்குப் பிளக்கைப் பிடுங்கியதுவரைதான் நினைவு. "நான் என்ன செஞ்சேன் சுனிதா?" என்று கேட்டான்.

"ஒண்ணும் செய்யல. போய்ப் படு."

அவள் கையைப் பார்த்தான். குலுங்கிக் குலுங்கி அழுதான். தை மாதம் கல்யாணம் நடந்தது. அடுத்த மாதமே மஸ்கட்டுக்கு வேலைக்குப் போய்விட்டான். இருவரும் பிறகு பேசிக்கொள்ளவில்லை. வெறுப்பு ஒன்றும் இல்லை. அவன் முகத்தைப் பார்த்தால் அவளுக்கு அந்த இன்னொரு முகம் நினைவுக்கு வருகிறது. அது அவனுக்கும் தெரியும்.

எபிசன் அது நடந்த அன்றைக்கே வீட்டைக் காலி செய்தார். மெஷினை மார்த்தாண்டத்தில் மச்சினன் கடை மாடியில் வைத்து ஓட்டினார். ஓர் எழுத்துகூட மாற்றவில்லை. அத்தனை டெஸ்டும் பச்சை.

வீட்டுக்காரர் யேசுரத்தினம் ஒரு மாதம் தலைமறைவாகத் திரிந்தார். பிறகு ஒருநாள் திருவட்டாறில் சுனிதாவின் வீட்டைத் தேடி வந்தார். வயதானவர். கையில் ஒரு பை ஆரஞ்சு. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. அவள் கைக்கட்டைப் பார்த்ததும் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

"நான் சொல்லியிருக்கணும் மக்களே. சொன்னா யாரு வாடகைக்கு வருவா? அந்த ஆசையில சொல்லாம விட்டேன்."

அவர் சொன்னது இதுதான். முன்பு அந்த வீட்டில் ஒரு புருஷன் பெண்டாட்டி குடியிருந்தார்கள். தூரத்து ஊர்க்காரர்கள். அவன் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவன். வேலைக்குப் போகும்போது அவளைப் பின்னறையில் வைத்துப் பூட்டிவிட்டுப் போவானாம். அவள் அந்த ஜன்னல் வழியாக யாருடனோ பேசுகிறாள் என்று அவனே அதைச் செங்கல் வைத்து அடைத்தான். அடைத்த அன்றைக்கே அவளை அங்கே வைத்து வெட்டிப்போட்டான். பக்கத்துத் தோப்பில் வேலை செய்தவர்களுக்குச் சத்தம் கேட்டிருக்கிறது. தேங்காய் விழுகிறது என்று இருந்துவிட்டார்கள். அவனும் அதே அறையில் கயிற்றில் தொங்கிவிட்டான்.

சுனிதா கேட்டாள்.

"அவங்களுக்குப் பிள்ள இருந்துச்சா?"

"பிள்ளையா? பிள்ள ஒண்ணும் இல்ல."

அவள் மூச்சு விட்டாள்.

யேசுரத்தினம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பப்போனார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவர்போல நின்றார்.

"அந்தச் சந்தேகந்தான எல்லாத்துக்கும் காரணம். அவ அப்பம் நெறமாசம். அது தன்னுதில்லேன்னு சொல்லி, வயித்துலதான் மக்களே முதல் வெட்டு..." கையிலிருந்த ஆரஞ்சுப் பையைக் கீழே வைத்தார். "அது மட்டும் பெறந்திருந்தா இந்த வருஷம் ரெண்டாங்கிளாஸ் படிக்கும்."